மனு தங்கிய வீடு

1

போன வாரம் குருவிநத்தத்திலிருந்து தனம் அக்கா போன் செய்தாள். "அந்த வூட்டு அட்ரஸ் குடுடா சேகரு. நன்றின்னு ஒரு லெட்டர் போடணும்" என்றாள்.

அந்த வீடு என்றால் எலிசே. பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி இருக்கும் மாளிகை. இருபது வருடத்துக்கு மேலாகப் பாரீஸுக்கு வெளியே குடியிருக்கிறேன், அந்த முகவரி எனக்கு மனப்பாடம். இருந்தும் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதப் போகிறேன். எழுதிய பிறகு பாகூர்ப் பக்கம் தலைகாட்ட முடியுமா என்று தெரியாது.

2

இந்தப் பத்திரிகையில் என் குறிப்புகளைப் படித்து வருகிறவர்களுக்கு எலிசே புதிதல்ல. "ஓய்வு வயது விஷயத்தில் எலிசே தயங்குகிறது", "விவசாயிகள் விஷயத்தில் எலிசேவுக்குத் தர்மசங்கடம்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அரசாங்கம் என்று எழுதினால் சப்பென்று இருக்கும். எலிசே என்று எழுதினால், எழுதுகிறவன் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவன் மாதிரி ஒரு தோரணை கிடைக்கும்.

உண்மையில் நான் வேலை பார்ப்பது விமானச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு கூடத்தில். நகர்ந்துகொண்டே வரும் தட்டுகளில் ரொட்டியும் வெண்ணெயும் வைக்க வேண்டும். எலிசே தயங்குகிறது என்பது எனக்குத் தெரிய வந்தது, ஓய்வறையில் யாரோ விட்டுப்போன இலவசச் செய்தித்தாளில். அதிலும் காபிக் கறை படாத பத்திகளில் மட்டும்.

உலகம் முழுக்க இந்தப் பழக்கம் இருக்கிறது. லண்டனில் ஒரு கதவு எண் வருத்தம் தெரிவிக்கும். வாஷிங்டனில் சுவரின் நிறம் எச்சரிக்கை விடும். விலாசத்தைச் சொல்லிவிட்டால் ஆளைச் சொல்ல வேண்டியதில்லை. தயங்கியது யார், தாமதித்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கட்டடத்தின் சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது. இந்த வசதியின் முழு ருசியும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

குருவிநத்தத்தில் இந்த அலங்காரமெல்லாம் எடுபடாது. அங்கே ஆட்சியில் இருக்கும் தலைவர் வீடு என்றால் வீடுதான். புதுச்சேரி சின்ன ஊர். விடியற்காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு, நல்ல துணி உடுத்தி, மனுவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு போனால், தோளில் துண்டோடு பல் விளக்கிக்கொண்டிருக்கும் தலைவரை நேரில் பார்க்கலாம். என் அப்பா அப்படிப் போய்த்தான் எங்கள் தெருவுக்கு விளக்கு வாங்கினார். வாயில் நுரையோடு தலைவர் தலையாட்டினார், பக்கத்தில் நின்ற பி.ஏ. மனுவின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார், ஒரே வாரத்தில் கம்பம் வந்தது.

அதனால் எங்கள் பக்கம் மனு கொடுத்துவிட்டு வந்தவனைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி, "வூட்டுல குடுத்தியா, ஆபீசுல குடுத்தியா?" என்பது. ஆபீசில் கொடுத்த மனுவை ஃபைல்தான் பார்க்கும், வீட்டில் கொடுத்ததை ஆள் பார்ப்பார் என்பது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க உள்ள நம்பிக்கை.

எலிசே பற்றிய என் கட்டுரைகளை எங்கள் ஊர் டீக்கடையில் சத்தமாகப் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் காதில் அது எப்படி விழுந்தது என்று யோசித்ததில்லை. சேகர் அந்த வீட்டில் புழங்குகிறவன் என்று விழுந்திருக்கிறது.

3

பதினோரு வருடத்துக்கு முன்னால் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலை ஆறு மணிக்குத் தனம் அக்கா வந்து நின்றாள். எங்கள் தெருக்கோடி வீடு, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். தலை குளித்து ஈரம் காயாமல், பெட்டியில் இருந்து எடுத்த மடிப்போடு புடவை கட்டியிருந்தாள். நான் லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

இதில் உள்ள பொருத்தம் அப்போது எனக்குப் படவில்லை. அக்காவுக்குப் பட்டிருக்க வேண்டும். வாய் கொப்பளித்து முடிக்கும்வரை பேசாமல், மரியாதையாக நின்றாள்.

"எங்கப்பா சமாச்சாரம்டா" என்றாள்.

அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியாவுக்குப் போனவர். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே அங்கே இறந்துவிட்டார். வீட்டுக்கு ஒரு காகிதம் வந்திருக்கிறது. பிரெஞ்சில் இருந்ததால், ஆள் இல்லை என்ற ஒரு சேதியை மட்டும் யாரோ படித்துச் சொன்னார்கள். மற்றதைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் அவள் அம்மா இல்லை. பிறகு பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது பெட்டியோடு காகிதமும் போயிற்று. அம்மாவும் போன பிறகு, அப்பா இறந்தது எந்த மாதம், எந்தத் தேதி என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"டவுனுல பிரெஞ்சுக்காரன் ஆபீசுல போயி கேட்டா பட்டாள நம்பர் இன்னான்னு கேக்கறாங்க. நம்பர் தெரிஞ்சா நான் ஏன் அங்க போயி நிக்கறேன்?"

"இப்ப திதி எப்படிக் கொடுக்கறீங்க?"

"மாளய அமாவாசைக்கு என் புள்ளதான் குடுக்கறான். தேதி தெரியாதவங்களுக்கு எல்லாம் அன்னிக்குத்தானே. ரேஷன் கடை மாதிரி எங்கப்பா கும்பல்ல நின்னு வாங்கிக்கணும். அவருக்குன்னு ஒரு நாள் வேணும்டா."

மனுவை நீட்டினாள். பாகூரில் மனு எழுதித் தருகிற ஒருவர் கையெழுத்து. நாலு மூலையிலும் மஞ்சள். பெறுநர் என்ற இடத்தில் "மேன்மை தங்கிய ஜனாதிபதி அய்யா அவர்கள், எலிசே வீடு, பாரீஸ்" என்று இருந்தது. எலிசே என்ற சொல்லை அந்த ஊரில் இறக்குமதி செய்தவன் நான்.

கடைசிப் பத்தி இப்படி: "எனக்குப் பென்ஷனோ வேறு உதவியோ வேண்டாம். என் தகப்பனார் காலமான தேதியை மட்டும் தெரிவித்தால் போதும்."

"வூட்டுலயே குடுத்துடுறா. ஆபீசுல குடுக்காத" என்றாள்.

அக்கா, எலிசே என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது, எனக்கு அங்கே ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் அண்ணன் இருந்தான், தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனுவை வாங்கி, ஓரத்தை நீவிவிட்டு, தலையாட்டினேன். பிரஷ் இன்னும் கையில் இருந்தது.

4

கொடுக்க முயற்சியே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு விடுமுறை நாளில் கோட்டு போட்டுக்கொண்டு, மனுவை உள்பையில் வைத்து, எலிசே இருக்கும் தெருவுக்குப் போனேன். கடைகளின் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே நடந்தேன். எனக்கு எதிரே வந்தவர்களின் நாய்கள்கூட என்னைவிட நல்ல கோட்டு போட்டிருந்தன.

மாளிகை வாசலுக்கு எதிரே போய் நின்றேன். காவலர் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை என்றதும் கிட்டே வந்து, "ஐயாவுக்கு என்ன வேண்டும்?" என்று மரியாதையாகவே கேட்டார்.

குருவிநத்தத்தில் ஒரு பெண்ணுக்கு அப்பா இறந்த தேதி வேண்டும். பிரெஞ்சில் இது ஒரு வாக்கியம். இங்கே வந்து அலுவலகங்களில் நின்று நின்று, இதைவிடச் சிக்கலான வாக்கியங்களை எனக்காகச் சொல்லப் பழகியிருந்தேன். அன்று என் வாயிலிருந்து வந்தது, "மெத்ரோவுக்கு எப்படிப் போக வேண்டும்?"

அவர் கையைக் காட்டினார். ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு, நான் வந்து இறங்கிய அதே நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அக்கா போன்.

"போனியாடா?"

"போனேன் அக்கா. வூட்டுக்கே போனேன்." இது உண்மை.

"குடுத்தியா?"

"குடுத்தாச்சு."

"கையில வாங்கினாரா?"

"அவரு இல்ல. பி.ஏ. வாங்கினாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஓரத்துல பேனாவால ஏதோ எழுதினாரு அக்கா."

அந்தப் பேனாவை நான் ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பொய்க்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அந்தப் பேனாவைக் கேட்டதும் அக்கா விட்ட மூச்சு, எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி என் காதில் விழுந்தது. ஓரத்தில் எழுதிவிட்டார்கள் என்றால் வேலை முடிந்த மாதிரி என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

மனுவை மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்தேன். நல்ல பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி இணைத்து, இரண்டொரு நாளில் தபாலில் அனுப்பிவிடுவதாகத் திட்டம்.

5

இரண்டொரு நாள் பத்து வருடம் ஆயிற்று.

முதல் வருடம் அக்கா கேட்டபோது, "எலிசே எப்பவும் மெதுவா அக்கா" என்றேன். இரண்டாம் வருடம், ஒரு காகிதம் குறைகிறதாம் என்றேன். இந்த வாக்கியத்துக்கு நான் சிரமப்படவே இல்லை. இந்த நாட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த புதிதில், என் குடியிருப்பு அட்டைக்காகப் போன இடமெல்லாம் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியம். கேட்டு நொந்ததை அப்படியே கைமாற்றிவிட்டேன்.

தேர்தல் வந்து ஜனாதிபதி மாறினார். "ஆளு மாறிட்டாரு அக்கா" என்றேன்.

"அப்ப புது ஆளுக்கு இன்னொன்னு எழுதித் தரட்டா?"

"வேணாம் அக்கா. அதே ஃபைல்தான் போகும்."

"பாவம், அவரும் வந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்து படிக்கணும் இல்ல" என்றாள்.

அந்த வருடம்தான் "எலிசேயின் மந்தம்" என்று இதே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். எளிய மனிதர்களின் கோரிக்கைகள் மாளிகைகளின் இழுப்பறைகளில் உறங்குவதைப் பற்றிச் சூடாக எழுதியிருந்தேன். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. எழுதும்போது என் முழங்கால் அந்தக் கடைசி இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது.

அக்கா பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். எப்போதாவது பேசும்போது மழை, நூறு நாள் வேலை, என் மகள் மாலினி என்று பேச்சு சுற்றி வரும். மாலினி சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது, கட்டு பிரிக்கும்வரை வாரா வாரம் கேட்டாள். போனை வைக்கும் முன் ஒரு சின்ன மௌனம் விடுவாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அதை நிரப்ப நான் இருமுவேன்.

6

மாலினிக்கு இப்போது பத்தொன்பது வயது. தமிழைக் கேட்டால் புரியும், பதிலைப் பிரெஞ்சில் சொல்வாள், எழுத்தைச் சித்திரமாகப் பார்ப்பாள். சென்ற வருடம் கல்லூரிக்கு ஏதோ சான்றிதழ் தேடப்போய் கடைசி இழுப்பறையைத் திறந்தாள். மஞ்சள் பூசிய காகிதத்தோடு வந்து, இது யாருடைய கல்யாணப் பத்திரிகை என்று கேட்டாள்.

படித்துச் சொல் என்றாள். படித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

"இதை ஏன் நீ கொடுக்கவில்லை?"

எலிசே என்பது வீடு அல்ல, அரசாங்கத்தைக் குறிப்பால் சொல்வது, ஊர்க்காரர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று விளக்கினேன். இலக்கணமும் சொன்னேன். மாலினி நடுவில் என்னை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, அது வீடுதான். வாசலில் தபால் வாங்குகிறார்கள். ஜனாதிபதிக்கு எழுதினால் தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். மூன்றாம் வகுப்பில் நாங்கள் எல்லோரும் எழுதினோம். எனக்குப் பதில் வந்தது. நீதான் அதைக் குளிர்பெட்டி மேல் ஒட்டினாய்."

ஒட்டியிருந்தேன். ஒரு வருடம் தினமும் அதைப் பார்த்தபடி பால் எடுத்திருக்கிறேன். என் மகள் கேட்டது, அழிந்துபோகும் வண்டுகளைக் காப்பாற்றும்படி.

ஊரில் மனு எழுதிய ஆளும், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளும், தனம் அக்காவும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள். தப்பாகப் புரிந்துகொண்டவன் பத்திரிகையில் எழுதுகிற நான் ஒருவன்தான்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் எழுதினாள். "மேன்மை தங்கிய" என்பதை எப்படி எழுதுவது என்று மட்டும் கொஞ்சம் யோசித்தாள். மனுவையும் உள்ளே வைத்தாள். தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, என்னிடம் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனாள். என் மகள் என்னிடமிருந்து விலகிப் போகிறாள் என்று இதே பக்கங்களில் புலம்பியிருக்கிறேன். அன்று அவள் விலகிப் போனதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சில வாரங்களில் எலிசேயிலிருந்து நாலு வரி வந்தது. கோரிக்கையை உரிய துறைக்கு அனுப்பியிருப்பதாக. அதற்குச் சில மாதங்கள் கழித்து, போன மாதம், அந்தத் துறையிலிருந்து ஒரு கடிதம். பெயர், பிறந்த ஊர் குருவிநத்தம், பட்டாள எண், இறந்த தேதி. இடம், ஒரு ராணுவ மருத்துவமனை. காரணம், காய்ச்சல்.

7

தேதியைச் சொல்ல நானே அக்காவைக் கூப்பிட்டேன். அரசாங்கத்தின் பதிலை வாசிக்கும் கம்பீரம் என் குரலில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தேதி, இடம், காரணம் எல்லாவற்றையும் அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு, "காய்ச்சலா? சண்டையில இல்லியா?" என்றாள்.

"காய்ச்சல்தான் அக்கா."

"காய்ச்சல்னா எங்கம்மா பாத்துகினு இருந்திருக்கும்" என்றாள்.

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. மருமகளை எழுத வைத்து, தேதியை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சந்தோஷமான நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். "பாகூர் ஐயரு பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொல்லிட்டாருடா. ஐப்பசி, தேய்பிறை பஞ்சமி. இந்த வருசம் தனியாக் குடுக்கறோம். எங்கப்பா ஒத்த ஆளா உக்காந்து சாப்புடட்டும்."

"சந்தோசம் அக்கா."

"உனக்குத்தான் சொல்லணும். நீ அன்னிக்குக் குடுக்கலன்னா ஏது? சரி, அந்த வூட்டு அட்ரஸ் குடுடா. நன்றின்னு ஒரு லெட்டர் போடணும். பதினோரு வருசம் ஆனாலும் மறக்காம தேடிக் குடுத்தாங்களே."

வாய் திறந்தேன். அந்தத் தெருப்பெயர், எண், எல்லாம் நாக்கில் இருந்தன. சொன்னால் அத்துடன் முடிந்துவிடும். எலிசே தாமதித்தது, எலிசே பதில் தந்தது. என் பெயர் எங்கும் வராது.

"அக்கா, மனு இத்தினி வருசமா அங்க இல்ல" என்றேன்.

"எங்க?"

"என் வூட்டுல. மேசைக்குள்ள. நான் குடுக்கவே இல்ல அக்கா. வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். பி.ஏ. இல்ல, பேனா இல்ல. மாலினிதான் போன வருசம் எடுத்துத் தபால்ல போட்டா. போட்டதும் பதில் வந்துடுச்சு."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. லைன் இருந்தது.

"பத்து வருசமும் உன் வூட்டுலயா இருந்துச்சு?"

"ஆமா அக்கா."

"அடப்பாவி" என்றாள். கோபமாக இல்லை. வேறு எதையோ கணக்குப் போடுகிற குரல். "எந்த மாடிடா நீ இருக்கறது?"

"நாலாவது."

"சேகரு, நான் ஒரு வேலை பண்ணிட்டேன்டா." குரலைத் தாழ்த்தினாள். "வருசா வருசம் ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போறேன் இல்ல. ஒவ்வொரு வருசமும் அம்மா எதுத்தாப்புல நின்னு மண்ணை வாரித் தூத்தினேன். எங்கப்பா காகிதத்தை எந்த வூட்டுல வெச்சுகினு குடுக்காம இருக்காங்களோ, அந்த வூடு வெளங்கக் கூடாது, அந்த வூட்டுப் புள்ளைங்க நல்லா இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். அந்தப் பெரிய வூடுன்னு நெனச்சுத்தாண்டா சொன்னேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மாலினிக்குக் கை ஒடைஞ்சுதே, அது எந்த மாசம்?"

"அது சைக்கிள்ல விழுந்தது அக்கா. அதுக்கும் இதுக்கும்..."

"எந்த மாசம்னு கேட்டேன்."

"ஆகஸ்ட்டு."

"ஆடித் தேரு முடிஞ்ச கையோட" என்றாள். "நீ பண்ணதை அப்பால பேசிக்கலாம். திதிக்கு வர்றப்ப உன்னைத் தெருவுல நிக்க வெச்சுக் கேக்கறேன். மொதல்ல நாளைக்குக் காலையில நான் வீராம்பட்டினம் போவணும். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கினு வரணும். அட்ரஸைச் சொல்லு, சரியாச் சொல்லு. எந்த வூடுன்னு இந்தத் தடவ அம்மாகிட்ட தெளிவாச் சொல்லிடணும். இரு, இந்தப் பொண்ணு எழுதிக்கும்."

மருமகள் பேனா தேடும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். பிறகு என் தெருவின் பெயரைச் சொன்னேன். கட்டட எண் சொன்னேன். நாலாவது மாடி என்றேன். படி ஏறி வந்தால் இடது பக்கக் கதவு, பெயர்ப்பலகையில் என் பெயர்தான் இருக்கும் என்றேன்.